ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வயிற்றுவலி

இரண்டாம் வகுப்பில் இருந்தபோது என் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் வயிறு வலிக்கும். திங்கட்கிழமை காலையில் யூனிஃபார்மைப் பார்த்ததும் வலி கூடும், சில நாள் வாந்தியும் வரும். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். சனிக்கிழமைகளில் வலியே கிடையாது.

பூச்சி மருந்து கொடுத்தோம். திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் ஸ்கேன் எடுத்தோம். அத்தை உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும், "நடிக்காதே" என்று சொன்னது நான்தான். ஒருநாள் அடித்தும்விட்டேன். இப்படியே ஏழு மாதம். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

ஒரு ராத்திரி 14416-க்கு போன் செய்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனை போன் சேவை. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டுவிட்டு, "வலி நிஜம்தாம்மா. பயம் நிறைய குழந்தைங்களுக்கு வயித்துவலியாத்தான் வெளிய வரும்" என்றார். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே டாக்டர் இருப்பார், கூட்டிப் போங்கள் என்றதும் அவர்தான். "நாளைக்குப் பொண்ணு பேரு கெட்டுப்போகும்" என்ற கணவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆனது.

டாக்டர் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. "கிளாஸ்ல உக்காந்திருக்கும்போது மனசுல என்னடா ஓடும்?" என்றார். பாப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வீடு பூட்டியிருக்குமான்னு."

அதற்கு முந்தைய வருஷம் பித்தப்பைக் கல் வலி தாங்காமல் மதியமே என்னை ஆட்டோவில் கொண்டுபோய் அட்மிட் செய்தார்கள். பள்ளி விட்டு வந்தவள் பார்த்தது பூட்டிய வீட்டை. பயப்படுவாளே என்று பக்கத்து வீட்டு அக்கா, "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்லிவைத்தார். நாங்களும் ஐந்து நாள் அதையே சொன்னோம். அவளுக்குப் பள்ளிக்கூடம் பயமில்லை. அவள் அங்கே இருக்கும் நேரத்தில் நான் காணாமல் போய்விடுவேன் என்பதுதான் பயம்.

மாத்திரை எதுவும் தரவில்லை. முதலில் என் ஆபரேஷன் தழும்பை அவளிடம் காட்டி, நடந்ததை அப்படியே சொல்லச் சொன்னார். வீட்டிலேயே நிறுத்திவைத்தால் பயம் வளரும், தரதரவென்று இழுத்துப் போனாலும் வளரும் என்றார். அதனால் முதல் வாரம் ஒரு பீரியட், அடுத்த வாரம் இன்டர்வெல் வரை, அப்புறம் மதியச் சாப்பாடு வரை. வலித்தாலும் சொன்ன நேரம்வரை அவள் இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு நான் கேட்டில் நிற்க வேண்டும். கண்ணில் படாமல் நழுவி வரக்கூடாது, சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவள் வயிற்றைப் பிடித்தால் வகுப்பு டீச்சர் வீட்டுக்கு போன் போடாமல், சாக்பீஸ் டப்பாவைக் கொடுத்து அடுத்த வகுப்புக்கு அனுப்புவார். அந்த டீச்சருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். மூன்று மாதத்தில் முழு நாளும் இருக்க ஆரம்பித்தாள்.

மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது என்று டாக்டர்தான் சொன்னார். அதே வராந்தாவில், வருஷக்கணக்கில் பள்ளிக்கே போகாத பெரிய பிள்ளைகளும் பெற்றோரோடு காத்திருந்தார்கள். எங்களுக்கு ஏழு மாதத்தோடு போனது.

போன வாரம் எனக்கு ஒரு செக்கப். முந்தின ராத்திரியே அவளிடம் சொன்னேன். "எத்தனை மணிக்கு வருவே?" என்றாள். நாலு என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டு தூங்கப் போனாள். நான் மூன்றரைக்கே கேட்டில் நின்றேன்.