சார்ஜர் கத்துதுப்பா

"அந்த சார்ஜர் கத்துதுப்பா, தூக்கமே வரல" என்று மகள் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் போய்க் காதை ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒரு மண்ணும் கேட்கவில்லை. காலையில் எழ மறுப்பதற்கு இது ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன்.

எப்போதோ விளையாட்டாகப் போனில் போட்டுவைத்த ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்று இருந்தது. மைக்கில் விழும் சத்தத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும். இடதுபக்கம் தடித்த சத்தம், வலதுபக்கம் கீச்சுச் சத்தம். நேரம் போகப் போகப் படம் கீழே நகரும். சார்ஜர் பக்கத்தில் போனை வைத்ததும் 15,000 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே, தலைமுடி விழுந்ததுபோல் மெல்லியதாக ஒரு கோடு. பிளக்கைப் பிடுங்கினேன், கோடு போனது. செருகினேன், வந்தது. எனக்கு 47 வயது. என் காது கைவிட்டுவிட்ட இடத்தில் மகளின் காது இன்னும் வேலை செய்கிறது, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் போனில் சார்ஜ் நிறைந்த பிறகுதான் அந்தக் கோடு வருகிறது. சார்ஜருக்குள் இருக்கும் சுவிட்ச் நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை போட்டு அணைக்கும். அந்த வேகம் மனிதக் காதுக்கு எட்டாது. வேலை குறைந்ததும் விட்டு விட்டு இயங்க ஆரம்பிக்கும். அப்போது அந்தத் தாளம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மரையும் கெப்பாசிட்டரையும் அதிர வைக்கும்.

அதன்பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டில் எதையும் விடவில்லை. விசில் அடித்தால் ஒரே கோடு, சுத்தம். "ஸ்ஸ்" என்றால் கோடே இல்லை, வலதுபக்கம் முழுக்கப் புகை. "ஆ"வும் "ஈ"யும் ஒரே சுருதியில் பாடினால் ஏணிப்படிகள் மாதிரி சம இடைவெளியில் கோடுகள். இரண்டுக்கும் படிகள் அதே இடத்தில்தான், எந்தப் படி பிரகாசம் என்பதுதான் மாறுகிறது. எனக்கு மிகப் பிடித்தது பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது. நிறைய நிறைய ஒரு கோடு வளைந்து வலப்பக்கம் ஏறும். உள்ளே 20 செ.மீ. காற்று மிச்சமிருந்தால் சுமார் 430 ஹெர்ட்ஸ், 10 செ.மீ. என்றால் அதன் இரட்டிப்பு. வாய் அகன்ற, நேரான பாட்டிலில் கணக்கு ஓரளவு ஒத்துவந்தது. கழுத்து குறுகிய பாட்டிலில் வரவில்லை.

கைதட்டலில்தான் மாட்டிக்கொண்டேன். 'டப்' என்று ஒரு கணம் கேட்கும் சத்தம் படத்தில் பட்டையாக இழுபட்டுக் கிடந்தது. ஆப்பில் கோளாறு என்று திட்டினேன், தப்பு என்னுடையது. போன் சத்தத்தை நொடிக்கு 48,000 தடவை அளந்து எடுக்கிறது, ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி. 16,384 மாதிரிகளை ஒரு கட்டாக அலசும்படி நான் வைத்திருந்தேன். 3 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைக்கூடப் பார்க்கலாம், ஆனால் ஒரு கட்டு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. 1,024 ஆக்கினால் கைதட்டல் கத்தி மாதிரி விழுகிறது, பதிலுக்குப் பக்கத்துப் பக்கத்துச் சுருதிகள் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஆப்பை மாற்றியும் பயனில்லை, கணிதமே அப்படி.

அப்புறம், செட்டிங்ஸில் 'இரைச்சல் நீக்கம்' இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். அது ஃபிரிட்ஜின் உறுமல் போன்ற மாறாத சத்தத்தை "தேவையற்றது" என்று தானே துடைத்துவிடும். நாம் தேடுவதே அதைத்தானே! இதில் ஒரு மாலை முழுக்க வீணானது எனக்கு.

சார்ஜரைத் தூக்கிப்போட மனமில்லை. இப்போது அது என் கட்டிலருகே இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கத்துகிறது என்று போன் சொல்கிறது. நான் நன்றாகத் தூங்குகிறேன்.