அப்பாவுக்கு மார்ஃபின் வாங்கின கதை

"டிரஸ்ஸர்கிட்ட சொல்லி ஒரு ஊசிய போட்டு முடிச்சு விட்ருடா தம்பி"ன்னு அப்பா கேட்டப்ப எங்க தோட்டத்துல டிரஸ்ஸரே (தோட்டத்து ஆஸ்பத்திரில மருந்து குடுக்கறவரு) இல்ல, தோட்டத்து ஆஸ்பத்திரிய மூடி எத்தனையோ வருஷமாச்சு. மலேசியாவுல பீடோர் பக்கம்தான் எங்க இடம். கித்தா (ரப்பர்) மரம் வெட்டி, அப்புறம் செம்பனை குலை வெட்டி நாப்பது வருஷம் ஓட்டுன மனுஷன், கேன்சர் முதுகெலும்புக்குப் போனதும் ராத்திரி முழுக்க கட்டில் கம்பிய புடிச்சுக்கிட்டே கிடந்தாரு.

நான் லோரி ஓட்டுறவன். சட்டமெல்லாம் தெரியாது, அவர் கேட்ட ராத்திரிதான் போன்ல தேட ஆரம்பிச்சேன். நெதர்லாந்துல 2002ல இருந்து டாக்டரே ஊசி போடலாமாம், கனடாவுல 2016ல இருந்து, அமெரிக்காவுல ஓரிகன்ல 1997ல இருந்து டாக்டர் மருந்து எழுதித்தான் குடுப்பாரு, நோயாளியேதான் எடுத்துக்கணும். நம்ம நாட்டுல இதுல எதுவும் கிடையாது. தற்கொலை முயற்சி குற்றம்னு சொன்ன 309வது பிரிவையே 2023லதான் எடுத்தாங்க, ஆனா தூண்டுனவன், துணை போனவன் 306ல மாட்டுவான். சரி, அந்தக் கதவு மூடியிருக்கு.

தெறந்திருந்த கதவு, அதாவது வலிய அடக்குற வைத்தியம், அதாவது ஈஸியா இருந்துச்சான்னா அதுவும் இல்ல. மொத கிளினிக்ல வலி மாத்திரை பெனடோல், அப்புறம் டிராமடோல், ஒவ்வொரு தடவையும் அடுத்த தேதி குடுத்து அனுப்பிருவாங்க, இப்படியே அஞ்சு வாரம் போச்சு. கடைசில ஒரு மிஸ்ஸிதான் (நர்ஸ்) காதோட சொன்னாங்க, "பாலியேட்டிவுக்கு கடுதாசி கேளுங்கண்ணே"ன்னு, அதாவது தீராத நோய்க்காரங்களோட வலிய அடக்கிப் பாத்துக்கற பிரிவுக்கு. அந்த வார்த்தைய வாய்விட்டு கேட்டப்புறம்தான் ரெஃபரல் கிடைச்சது. இதே நிலைமைல இருக்கறவங்க மொத நாளே கேட்ருங்க.

மார்ஃபின் சிரப் வீட்டுக்கு வந்ததும் அத்தை ஒரே அழுகை, அது குடுத்தா சீக்கிரம் போயிருவாருன்னு. டாக்டரம்மா கம்மி அளவுல ஆரம்பிச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா, போன்ல அலாரம் வச்சு குடுக்கச் சொன்னாங்க. மொத ரெண்டு நாள் தூங்கிக்கிட்டே இருந்தாரு, பயந்துட்டோம், மூணாவது நாள் எழுந்து ஒக்காந்து கோப்பிஓ (பால் இல்லாத காப்பி) கேட்டாரு. மலச்சிக்கலுக்கு லக்டுலோஸ மட்டும் நிறுத்திராதீங்க, நாங்க நிறுத்திட்டு பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது டிஎன்ஆர், அதாவது மூச்சோ இதயமோ நின்னுட்டா நெஞ்ச அமுக்க வேண்டாம்னு எழுதி வைக்கறது. அண்ணன் 'சம்மதம் சொன்னா நாமளே கொன்ன மாதிரி'ன்னு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. "ஐயாவ நோய்தான் கொண்டு போகும், போற நேரத்துல விலா எலும்ப ஒடிக்க வேண்டாமேன்னு சொல்றோம்"னாங்க டாக்டரம்மா. இந்தியாவுல சுப்ரீம் கோர்ட் 2018ல சொன்னதும் கிட்டத்தட்ட இதே கோடுதான், மெஷின நிறுத்தலாம், ஊசி போடக்கூடாது. சிங்கப்பூர்ல இருக்கற தங்கச்சி, அங்க 1996லயே இதுக்கு சட்டம் வந்துருச்சு, உடம்பு நல்லா இருக்கும்போதே எழுதி வச்சிரலாம்னா. நம்ம நாட்டுல அதுக்குன்னு தனிச் சட்டம் இல்ல, அதனாலதான் அண்ணனுக்கும் எனக்கும் ஆஸ்பத்திரி காரிடார்ல சண்டை. கடைசில அப்பாவையே கேட்டோம். "அமுக்க வேணாம்"னாரு, அவ்வளவுதான்.

வலி அடங்கிருச்சு, இனி அந்தப் பேச்சு வராதுன்னு நெனச்சேன். ஒரு நாள் பேம்பர்ஸ் மாத்தி தொடச்சு விடுறேன், மொகத்த சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு, "இதுக்கு அன்னைக்கே முடிச்சிருக்கலாம்"னாரு. அப்புறம்தான் கவனிச்சேன், ஓரிகன் வருஷா வருஷம் போடுற அறிக்கையில அந்த மருந்த கேக்கறதுக்கு ஜனங்க சொல்ற மொத காரணம் வலியே இல்ல, சொந்தமா எதுவும் பண்ண முடியலங்கறதும் மானம் போகுதுங்கறதும்தான் அதுக்கு மேல நிக்குது.

அதனால நல்ல பராமரிப்பு இருந்தா யாரும் சாவு கேக்க மாட்டாங்கன்னு சொல்றவங்க பேச்ச நான் முழுசா நம்பல. சட்டம் கொண்டு வான்னு சொல்றவங்கள கேட்டா, ஒரு சிரப் பாட்டிலு வந்து சேர அஞ்சு வாரம் ஆன ஊருக்கு ஊசி மட்டும் சட்டமா மொதல்ல வந்துட்டா, அந்த அஞ்சு வாரத்துல எங்கப்பா எதுக்கு தலையாட்டியிருப்பாருன்னு எனக்கு நல்லா தெரியும்லா.

மழை பேஞ்ச ஒரு வெள்ளிக்கிழமை வெடிகாலைல வீட்டுலயே போனாரு. பதினாறு முடிஞ்சு மிச்ச சிரப்ப ஆஸ்பத்திரில திருப்பிக் குடுக்கப் போனேன். ஃபார்மசி பொண்ணு அளந்து எழுதிக்கிட்டு, "அப்பா எப்படி இருக்காரு அங்கிள்"னு கேட்டுச்சு.