நாகர்கோவில் அனுப்பிய எம்.பி.

கன்னியாகுமரியில் காந்தி மண்டபத்துக்குக் கூட்டம் குறைவதே இல்லை. அஸ்தி வைத்திருந்த இடத்தில் அக்டோபர் 2 நண்பகல் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள் என்று யாராவது சொல்ல, எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் காமராஜர் மணிமண்டபத்துக்குள் நான் போனபோது நாலைந்து பேர்தான். நிதானமாகப் பார்க்க முடிந்தது, நல்லதுதான்.

2000இல் திறந்த மண்டபம். உள்ளே பழைய படங்கள். யார் பக்கத்தில் நின்றாலும் இவர் மட்டும் அதே தொளதொளக் கதர்ச் சட்டை, அதே வேட்டி. ஒன்பது வருடம் முதலமைச்சர். 1963இல் தானாகவே பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குப் போனவர். 1964இல் சாஸ்திரியும் 1966இல் இந்திராவும் பிரதமரானதில் பெரிய கை இவருடையது. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். எனக்கு வேண்டியிருந்தது அதற்கு அடுத்த கதை. அது நாகர்கோவிலில் கிடைத்தது.

1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் ஒரு மாணவர் தலைவர். பிரதமர்களை உட்காரவைத்த மனிதருக்குச் சட்டசபையில்கூட இடமில்லை. அப்புறம் மார்ஷல் நேசமணி காலமாகி நாகர்கோவில் எம்.பி. தொகுதி காலியானது. 1956இல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர முன்னே நின்று போராடியவர் நேசமணி. சேர்ந்தபோது முதல்வர் நாற்காலியில் காமராஜர். 1969 ஜனவரி இடைத்தேர்தலில் நாகர்கோவில் அவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது. 1969 கடைசியில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபோது இந்திராவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற காமராஜரின் அணிதான் பழைய காங்கிரஸ். 1971இல் அதற்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே மக்களவைத் தொகுதியும் இதுதான். 1975 அக்டோபர் 2 அன்று இறக்கும்வரை அவர் நாகர்கோவில் எம்.பி.

வடசேரியில் சாயாவும் ரசவடையுமாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்து பெஞ்சுப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “அவிய ஊருல தோக்கடிச்சிட்டாவ மக்ளே. நாங்க விடுவமா?” என்றார், ஏதோ போன வாரம் ஓட்டுப் போட்டவர் மாதிரி. “மாத்தூரு தொட்டிப்பாலம் பாத்தியா? பாத்துட்டு வா, பொறவு பேசுவோம்.”

சரி என்று திருவட்டாறு வழியாகப் போனேன். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, கீழே பரளியாறு; 28 தூண்கள் மேல் வாய்க்காலையே தூக்கி வைத்திருக்கிறார்கள். உயரம் 115 அடி. காமராஜர் ஆட்சியில் திட்டமிட்டு, 1966இல் முடித்தது. தொட்டி ஏழடி ஆழம். ஓரமாக நடக்கும்போது ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தென்னை மரங்களின் உச்சி. கீழே பார்க்கக் கால் கொஞ்சம் கூசத்தான் செய்தது. செல்ஃபி எடுக்க வந்த கூட்டத்துக்கு இது சுற்றுலா இடம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வயலுக்கும் வாழைக்கும் இது தண்ணீர். அந்த இடைத்தேர்தல் வந்தபோது இந்தத் தொட்டி கட்டி மூன்று வருடம்கூட ஆகியிருக்காது. ஓட்டு எங்கிருந்து வந்தது என்று பெரியவரிடம் திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை.