பர்லியாருக்கு மேலே நின்றுபோன கார்

சென்ற டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மாவை அழைத்துக்கொண்டு குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பர்லியாருக்குச் சற்று மேலே வரும்போது பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. அடுத்த வளைவைக் கடப்பதற்குள் வெப்பமானியின் முள்ளும் மேலே ஏறத் தொடங்கியது. சாலை சற்று அகலமாக இருந்த ஓர் இடத்தில், மலைச்சுவரை ஒட்டி வண்டியை ஒதுக்கி எஞ்சினை அணைத்தேன். பானெட்டைத் திறந்து பார்த்தபோது, ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிற பெல்ட் அறுந்து நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அந்த இடத்தில் சரிசெய்ய வழியில்லை. அம்மாவைச் சாலையைவிட்டு விலகிப் பாதுகாப்பாக உட்காரவைத்து, நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, பின்னால் வளைவுக்கு முன்பே தெரியும்படி சிவப்பு முக்கோணத்தை வைத்தேன்.

பிறகு, நின்றுபோன கார்களை எடுத்துச் செல்லும் ரெக்கவரி வண்டிக்கு அழைத்தபோதுதான் நான் முதல் தவறைச் செய்தேன். "கார் நின்றுவிட்டது, வண்டி அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னேன். என்ன கார், எந்தச் சக்கரங்களுக்கு விசை போகிறது, எந்த வகை ரெக்கவரி வண்டி வேண்டும் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தது, முன் சக்கரங்களை மட்டும் தூக்கிக்கொண்டு பின் சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்துச் செல்லும் வண்டி.

அதை ஓட்டிவந்தவர் அனுபவசாலி. இந்த மலையில் எத்தனையோ கார்களை இறக்கியவர். "நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டா தானா உருளும் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி. அவற்றில் விசை முன் சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பின் சக்கரங்கள் எதனுடனும் இணைப்பில்லாமல் உருளும். என் கார் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஆல் வீல் டிரைவ் வகை என்பதுதான் சிக்கல்.

"அண்ணா, கொஞ்சம் கீழே பாருங்க" என்று சொல்லி, கைபேசி வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் காட்டினேன். முன்னாலிருக்கும் கியர் பெட்டியிலிருந்து புறப்பட்டு, வண்டியின் நடுவே நீளமாக ஓடி, பின் அச்சில் போய்ச் சேரும் தண்டு தெரிந்தது. பின் அச்சுக்கு முன்னால் ஓர் உருளை வடிவக் கூடு இருக்கிறது. அதற்குள் அடுக்கடுக்காகக் கிளட்ச் தட்டுகள் உள்ளன. சாலை வழுக்கும்போது கணினி அந்தத் தட்டுகளை இறுக்கிப் பின் சக்கரங்களுக்கும் விசையை அனுப்புகிறது. நியூட்ரல் என்பது எஞ்சினைச் சக்கரங்களிலிருந்து பிரிப்பது மட்டுமே. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே உள்ள இந்த இணைப்பை அது பிரிப்பதில்லை. ஆகவே முன் சக்கரங்கள் அசையாமல் தூக்கப்பட்டிருக்க, பின் சக்கரங்கள் மட்டும் பல கிலோமீட்டர் உருண்டால், அந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறித் தேய்ந்துபோகக் கூடும். தட்டுகளுக்குப் பதிலாகக் கெட்டியான சிலிக்கோன் திரவம் நிரப்பிய இணைப்பு உள்ள கார்களில் நிலைமை இன்னும் மோசம். திரவம் சூடாகி இணைப்பு இறுகிவிட்டால், தூக்கிய சக்கரங்களும் சுழல முயன்று கார் தாங்கியிலிருந்து நழுவிவிடலாம்.

அவர் குனிந்து நிதானமாகப் பார்த்தார். பின்னர், "அப்ப நாலு சக்கரமும் தரையில இருக்கட்டும், கயிறு கட்டி இழுத்திடலாமா?" என்று கேட்டார். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. என் காரின் தானியங்கி கியர் பெட்டிக்குள் எண்ணெயைச் சுழலவைக்கும் பம்ப் எஞ்சினால் இயங்குவது. எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரங்கள் உருண்டால், உள்ளே பல்சக்கரங்கள் போதிய எண்ணெய் இல்லாமல் சுழலும். அதைவிட எனக்கு அச்சம் தந்தது பிரேக். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசை இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். அதன் பிறகு மிதிகட்டை கல்லைப்போல் ஆகிவிடும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,400 மீட்டர் இறக்கம். அந்தப் பாதையில் கயிற்றின் முனையில் ஒரு காரை உட்கார்ந்து ஓட்டுவதற்கு நான் எந்த நிலையிலும் உடன்படமாட்டேன்.

கார் கையேட்டில் இழுவை பற்றிய பக்கத்தை எடுத்துக் காட்டினேன். நான்கு சக்கரங்களும் தரையைவிட்டு மேலே இருக்க வேண்டும் என்று படத்துடன் போட்டிருந்தது. பின் சக்கரங்களுக்கு அடியில் வைக்கும் சிறு உருளைத் தள்ளுவண்டிகள் இருந்தால் அவருடைய வண்டியாலேயே முடிந்திருக்கும்; அவரிடம் அவை இல்லை. அவரே தமக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து, காரை மேலே ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் லாரியை வரச் சொன்னார். வந்து போனதற்கான கூலியைக் கொடுத்தபோது பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். (கையேடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே தனி நியூட்ரல் உள்ள சில ஜீப் வகை வண்டிகளை உருட்டி இழுக்கக் கையேடு அனுமதிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அல்ல, அந்தந்த வண்டியின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.)

ஃபிளாட்பெட் வந்து சேரும்போது மாலை மங்கி, பனிமூட்டம் சாலைக்கு இறங்கியிருந்தது. இதற்குள் இரண்டாவது சிக்கல் எழுந்திருந்தது. சார்ஜ் ஏறாத பேட்டரியில் மூன்று மணி நேரம் விளக்குகள் மின்னியதால் அது முழுக்க இறங்கிவிட்டது. என் காரில் பார்க்கிங் பிரேக் மின்சாரத்தால் இயங்குவது. மின்சாரம் இல்லாமல் பிரேக்கும் விடுபடாது, கியரும் பார்க் நிலையிலிருந்து நகராது. அப்படியே இழுத்தால் பூட்டிய சக்கரங்கள் தரையில் தேயும். லாரியின் மின்சாரம் 24 வோல்ட் என்பதால் அதிலிருந்து நேரடியாகக் கொடுப்பது காரின் மின்னணுக் கருவிகளைக் கெடுத்துவிடும். நல்லவேளையாக அந்த ஓட்டுநர் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்திருந்தார். அதைக் கேபிளில் இணைத்ததும் காரின் திரை ஒளிர்ந்தது, பார்க்கிங் பிரேக் மெல்லிய முனகலுடன் விடுபட்டது.

இழுவைக் கொக்கியை மாட்டுவதிலும் நேரம் போயிற்று. பம்பரில் உள்ள சிறு மூடியை நெம்பி எடுத்துவிட்டு, கொக்கியை வலப்புறமாகத் திருகித் திருகிப் பார்த்தேன்; மரையே பிடிக்கவில்லை. உடன் வந்த பையன் வாங்கிப் பார்த்து, "இது இடது மரைங்ணா" என்று எதிர்ப்புறமாகச் சுற்றினான். உடனே உள்ளே போய்விட்டது. கைவிரல் இறுக்கத்தோடு விடாமல், சக்கர ஸ்பானரின் தண்டை வளையத்துக்குள் நுழைத்து முழுவதும் இறுக்கினோம்.

கார் இறக்கத்தைப் பார்த்து நின்றதால், சக்கரத்துக்கு முட்டாக வைத்த கல்லை எடுத்ததும் அது முன்னால் நின்ற லாரியை நோக்கித்தான் ஓடும். அதனால் நான் உள்ளே அமர்ந்து, இரு கால்களாலும் கல்லான பிரேக்கை அழுத்திக்கொண்டு, ஓட்டுநர் கை காட்டும்போது மட்டும் சிறிது சிறிதாக விட்டேன். பம்பர் தாழ்வாக இருந்ததால் சாய்தளத்தின் அடியில் பலகைகள் போட்டார்கள். லாரியில் இருந்த வின்ச் என்னும் இழுவை உருளையில் கயிறு மெல்லச் சுற்றச் சுற்ற, கார் இரண்டு சாண் இரண்டு சாணாக மேலே ஏறியது. இந்தச் சில மீட்டர் உருள்வதால் எந்தக் கேடும் இல்லை.

மேலே ஏறியதும் சங்கிலியைச் சக்கரத்துக்குப் பின்னுள்ள சஸ்பென்ஷன் கைகளில் மாட்டப் போனார்கள். டயரின் மேலாகச் சுற்றும் பட்டைகளால் கட்டும்படி கேட்டுக்கொண்டேன். சஸ்பென்ஷனில் கட்டினால் குலுக்கலில் அது வளைந்து சக்கரங்களின் நேரமைப்பு (அலைன்மென்ட்) கெட வாய்ப்பு உண்டு. நான்கு டயர்களிலும் பட்டை, முன்னும் பின்னும் கட்டை, கியர் பார்க்கில், பிரேக் போட்டபடி. கல்லாற்றில் ஒருமுறை நிறுத்தி, தளர்ந்திருந்த ஒரு பட்டையை மீண்டும் இறுக்கினார்கள். அம்மாவும் நானும் லாரியின் முன் அறையில் வந்தோம்.

மூன்றாம் நாள் புதிய பெல்ட்டும் குளிர்நீரும் போட்டுக் காரைத் திருப்பித் தந்தார்கள். கியர் பெட்டியிலோ பின் அச்சிலோ ஒரு சிறு சத்தமும் இல்லை. இப்போது என் கைபேசியில், ரெக்கவரி எண்ணுக்கு அடியிலேயே, அழைத்ததும் சொல்ல வேண்டிய சொற்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: ஆல் வீல் டிரைவ், ஃபிளாட்பெட் மட்டும், டயர் பட்டைகள், 12 வோல்ட் பேட்டரி.