டீசல் வேன் வாங்கும் முன் கண்ணாடி ஸ்டிக்கரைப் படியுங்கள்

நியூசிலாந்தில் பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கி, தென் தீவை இரண்டு மாதம் சுற்றிவிட்டு, அதை விற்றுவிட்டு ஊர் திரும்புவதாகத் திட்டம். இரண்டு மாத வாடகையைக் கணக்குப் போட்டால் வாங்கி விற்பதுதான் கட்டுப்படியாகும் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கிளம்பும் முன்பே 608 டாலர் கையை விட்டுப் போனது. அதை எழுதாமல் விட மனசு வரவில்லை.

விசா, சர்வதேச ஓட்டுநர் அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கியதும் பருப்புப் பொடியைப் படிவத்தில் மறக்காமல் எழுதிக் காட்டினோம், பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். எழுதாமல் மாட்டினால் 400 டாலர் அபராதம்.

வேன் 1999 மாடல் டொயோட்டா ஹையேஸ், டீசல். விற்றவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு ஜோடி. மூன்று நாளில் அவர்களுக்கு விமானம். பின்பக்கம் மரக் கட்டில், அதன் கீழே பாத்திரப் பெட்டி, ஜன்னலுக்கு அவர்களே தைத்த பூப்போட்ட திரை. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவசரம் என்று சொன்னாலும், மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்க மாட்டோம் என்று என் கணவர் உறுதியாக நின்றார். அது நல்லதாகப் போயிற்று. பிரேக் பேட் தேய்ந்திருந்தது தெரிந்து 400 டாலர் குறைத்தார்கள். துரு கதவோரத்தில்தான், வண்டியின் அடிச்சட்டத்தில் இல்லை. அடிச்சட்டத்தில் துரு இருந்தால் வாஃப் என்ற தகுதிச் சான்றிதழ் கிடைக்காது. அந்த வேனைத் தொடவே வேண்டாம்.

வாஃப் என்பது நம்ம ஊர் எஃப்.சி. மாதிரி. விற்கும்போது அது ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். இருந்தது. வண்டி மேல் கடன் உண்டா என்று அரசின் பதிவேட்டில் சில டாலர் கட்டித் தேடினோம். அதுவும் சுத்தம். திருட்டு வண்டியும் இல்லை. இவ்வளவும் பார்த்த பிறகு வேறு என்ன பார்க்க வேண்டும் என்று நினைத்தோம். ஏ.டி.எம். வரம்புக்குள் மூன்று நாளாக எடுத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கினோம். மறுநாள் அவர்கள் பறந்துவிட்டார்கள்.

அப்புறம்தான் பெயர் மாற்றம். ஆன்லைனில் செய்ய நியூசிலாந்து லைசென்ஸ் எண் வேண்டும், நம்மிடம் ஏது? நேரில் போய் வாங்குபவருக்கான படிவத்தைக் கொடுக்க வேண்டும். மருந்துக்கடைக்குள் இருக்கும் ஒரு தபால் கவுண்டருக்கு மழையில் நடந்து போனால், "வாகன வேலை இங்கே செய்வதில்லை" என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார் அந்தப் பெண். எங்கே செய்வார்கள் என்று கேட்டதற்கு, இணையத்தில் பாருங்கள் என்றார். அரை நாள் வீண். எல்லாத் தபால் கவுண்டரிலும் இது நடக்காது. பட்டியலைப் பார்த்துவிட்டுப் போங்கள். பாஸ்போர்ட்டும் நீங்கள் தங்கியிருக்கும் இடத்தின் முழு முகவரியும் கையில் இருக்கட்டும். நாங்கள் ஹாஸ்டல் முகவரியைக் கொடுத்தோம்.

இரண்டாவது இடத்தில் வயதான ஒருவர் பொறுமையாகப் படிவத்தை முடித்துவிட்டு, "டீசல்தானே? மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது?" என்று கேட்டார். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்: 3,25,640. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கட்டியிருப்பது 3,18,000 வரைதான்."

விஷயம் இதுதான். அங்கே பெட்ரோல் விலைக்குள்ளேயே சாலை வரி இருக்கிறது, டீசலில் இல்லை. அதனால் டீசல் வண்டிக்காரர்கள் கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆர்.யூ.சி. என்பார்கள். ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராகத்தான் வாங்க முடியும். எங்களுடையது மாதிரி வேனுக்கு ஆயிரத்துக்கு 76 டாலர், நிர்வாகக் கட்டணம் தனி. முன்னவர் கட்டாமல் ஓட்டியிருந்தாலும் பாக்கி வண்டியோடு புது உரிமையாளருக்கு வந்துவிடும். கடன் பதிவேட்டில் இது வரவே வராது.

இத்தனைக்கும் அந்த எண் முன்கண்ணாடியின் இடது பக்கத்தில், எங்கள் கண்ணெதிரே இருந்தது. சின்னக் காகிதம், வெயிலில் வெளுத்திருந்தது. எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை என்று இரண்டே எண்கள். மீட்டரோடு ஒப்பிட அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நாங்கள் திரைச்சீலையைப் பார்ப்பதில் செலவழித்தோம். பாக்கியைத் தீர்க்கவே எட்டாயிரம் கிலோமீட்டர் வாங்க வேண்டியிருந்தது, 608 டாலர். எங்கள் பயணத்துக்கு இன்னும் ஐயாயிரம், அது தனி.

அன்றிரவு இவர் சாப்பிடவில்லை. "விடுங்க, கேட்டுப் பார்ப்போம்" என்று நான் ரசீதைப் படம் எடுத்து விற்றவர்களுக்கு அனுப்பினேன், கோபமில்லாமல் நாலு வரி. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவர்களும் வாங்கியபோது பாக்கியோடுதான் வாங்கியிருக்கிறார்கள், இப்படி ஒன்று இருப்பதே தெரியாதாம். 250 டாலர் அனுப்பிவைத்தார்கள். பறந்துவிட்டவர்கள் பதிலே போடாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது அந்தப் பணம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இன்னொன்று, கழிவறை. 2023-இல் வந்த சட்டப்படி, முகாம் கட்டணமில்லாத பல இடங்களில் தங்க வண்டிக்குள் பொருத்தப்பட்ட கழிவறையும் பச்சை ஸ்டிக்கரும் வேண்டும். தூக்கி வைக்கும் கழிவறையோடு வாங்கிய பழைய நீல ஸ்டிக்கருக்கு 2026 ஜூன் 7 வரைதான் உயிர். "செல்ஃப் கன்டெய்ண்ட்", அதாவது கழிவறை வசதி வண்டிக்குள்ளேயே உண்டு, என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் ஸ்டிக்கரின் நிறத்தைக் கேளுங்கள். எங்களுடையது பச்சை, அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுத்தோம். இன்சூரன்ஸ் அங்கே கட்டாயமில்லை, ஆனாலும் அடுத்தவர் வண்டிக்கான சேதத்துக்காவது எடுத்துவிடுங்கள்.

ஐந்து நாள் தாமதமாகக் கிளம்பினோம். டெகாப்போ ஏரி தாண்டி, புகாக்கி ஏரிக்கரையில் நிறுத்தி டீ போட்டோம். எதிரே அவுராகி மலை முழுசாகத் தெரிந்தது. ட்வைசல் ஊருக்குள் நுழையும்போது இவர் மீட்டரைக் காட்டினார். 3,26,000. பழைய பாக்கிக் கணக்கு அங்கே முடிந்தது. வண்டியை ஓரம் கட்டி அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டேன்.