நிக்கோடிமஸ்: ஜூலையில் நிறையும் ஊர்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஹேஸ் நகரத்திலிருந்து வடக்கே போய், ஸ்டாக்டனில் மேற்கே திரும்பினால் 24-ஆம் எண் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கோதுமைத் தாள், நடுநடுவே பச்சைச் சோளம், மிச்சமெல்லாம் புல்வெளி. கொஞ்சம் கவனம் தப்பினாலும் நிக்கோடிமஸைத் தாண்டிவிடுவீர்கள். வருஷம் முழுக்க இங்கே குடியிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் போனது ஜூலை மாதக் கடைசி சனிக்கிழமை. அன்று வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தேன்.

இது 1877-இல் பிறந்த ஊர். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கென்டக்கி மாநிலக் கறுப்பின மக்கள், சொந்த நிலம் என்ற ஒரே ஆசையோடு வந்தார்கள். அந்தச் செப்டம்பரில் மட்டும் 300 பேருக்கு மேல். ரயில் எல்லிஸ் என்ற ஊர் வரைதான். அப்புறம் மூட்டை முடிச்சோடு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். வீடு கட்ட மரம் கிடையாது. அதனால் மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். 1878-இல் கணவரோடு வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன், நிக்கோடிமஸ் எங்கே என்று கேட்டாராம். தரையிலிருந்து கிளம்பும் புகையைக் காட்டி, அதுதான் என்றார்களாம். அவர் அழுதுவிட்டார். பல குடும்பங்கள் திரும்பிப் போயின. தங்கியவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் உணவில் பங்கு கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

பத்தே வருஷத்தில் கடைகள், பத்திரிகைகள், ஓட்டல், பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிட்டன. 1888-இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. கடைக்காரர்களும் அதன் பின்னாலேயே போக் (Bogue) என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். ஊர் தேய ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆனால் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒவ்வொரு ஜூலையிலும் திரும்பி வருகிறார்கள். அடிமை விடுதலைத் திருநாளாகத் தொடங்கிய கூடுகை இது. 1939-இல் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய ஊர் மண்டபம்தான் இதற்கு நடுவீடு மாதிரி. சுவரில் கை வைத்தேன். வெயிலில் கல் சுட்டது, உளி பட்ட தழும்புகள் விரலில் நெருடின. உள்ளே ஒரு மேசையைச் சுற்றிப் பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு, யார் யாருக்கு என்ன உறவு என்று சத்தமாக வாதம் நடந்தது. 1996 முதல் இது தேசிய வரலாற்றுத் தலம். ஆனால் அன்று எனக்கு இது ஒரு பெரிய குடும்பத்தின் வீடாகத்தான் தெரிந்தது.

டென்வரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியம்மா என்னையும் உட்கார வைத்துத் தட்டு நிறையச் சாப்பாடு போட்டார். வருஷம் தவறாமல் வருகிறாராம். அவருடைய பேரனுக்குப் பத்து வயதிருக்கும். “மண்ணுக்குள்ளே இருந்த வீடு எங்கே, பாட்டி?” என்றான். அவர் புல் மூடிய ஒரு சரிவைக் கை காட்டினார். பையன் ஓடிப்போய் அங்கே மண்டியிட்டு, புல்லை விலக்கி, தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டான். நாங்கள் கூப்பிடவில்லை. வெகுநேரம் அப்படியே கிடந்தான்.