ஃபுல்டன் வந்த நாளில் நான் சொன்னவை

2023 மார்ச் 3 அன்று, தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிரெய்க் ஃபுல்டன் இந்திய ஆடவர் ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார் என்ற செய்தி வந்தது. நானும் என்னோடு பல ஆண்டுகளாக ஹாக்கி பார்த்துவரும் நண்பர்களும் அன்று மாலைக்குள்ளேயே தீர்ப்பு எழுதிவிட்டோம். அவர் இன்னும் நம் வீரர்களைச் சந்தித்திருக்கவில்லை. ஒரு பயிற்சி முகாமைக்கூட நடத்தியிருக்கவில்லை. ஆனாலும் அவர் தேறுவாரா மாட்டாரா என்பதில் எங்களில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

மறுபடியும் ஒரு வெளிநாட்டவரா என்று ஒருவர் மனம் நொந்தார். பெல்ஜியத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்தவரிடம் ஒலிம்பிக் பதக்கம் வென்ற அணியை ஒப்படைப்பதா என்று இன்னொருவர் கேட்டார். என்னுடைய மறுப்பு வேறு வகையானது. அதுதான் கனமானது என்று அன்று நம்பினேன். ஃபுல்டன் தற்காப்பை முதலில் வைப்பவர் என்று அறிந்திருந்தேன். எட்டு ஒலிம்பிக் தங்கங்களை முன்னேறித் தாக்கும் ஆட்டத்தால் வென்ற ஒரு நாட்டுக்கு, தற்காத்து நின்று ஒரு கோல் வித்தியாசத்தில் வெல்லக் கற்றுத்தர ஒருவர் தேவையா என்று கேட்டேன். வயதில் எங்களுக்கெல்லாம் மூத்தவர், பல்கலைக்கழக அணியில் பின்களத்தில் ஆடியவர், நாங்கள் அண்ணன் என்று அழைப்பவர் ஒருவர் மட்டும், அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுப் பேசலாமே என்றார். அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

அப்போது எங்கள் மனம் இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர், ஜனவரி 22 அன்று, புவனேஸ்வரின் கலிங்கா மைதானத்தில் உலகக் கோப்பைப் போட்டியில் நியூசிலாந்திடம் தோற்றிருந்தோம். 3-1 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் 3-3 ஆகி, சமநிலையை முறிக்க நடக்கும் ஷூட் அவுட்டில் கையை விட்டுப் போனது. சொந்த மண்ணில் காலிறுதிக்குக்கூடச் செல்லாமல், அர்ஜென்டினாவோடு ஒன்பதாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டோம். அடுத்த நாள்களில் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் கிரஹாம் ரீட் பதவி விலகினார். டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்த அதே மனிதர் அவர். அந்த வெண்கலத்தின் போது அவருடைய பெயரை நன்றியோடு உச்சரித்த நாங்கள், ஒன்றரை ஆண்டு கழிந்து அவர் போனபோது ஒரு வார்த்தை வருந்தவில்லை. இப்போது நினைத்தால் அது எனக்கு உறுத்துகிறது.

ஃபுல்டனைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவுக்காக 1996 அட்லாண்டா, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியவர். 2014 முதல் அயர்லாந்து அணிக்குப் பயிற்சி அளித்து, 1908-க்குப் பிறகு முதன்முறையாக அந்த ஆடவர் அணியை ஒலிம்பிக்குக்கு, ரியோவுக்கு, அழைத்துச் சென்றவர். பிறகு பெல்ஜியத்தில் ஷேன் மெக்லியோடின் துணையாக இருந்து, 2018 உலகக் கோப்பையிலும் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற குழுவில் பங்கு பெற்றவர். வசதி குறைந்த ஓர் அணியை மேலே தூக்கிய அனுபவமும், உச்சியில் இருந்த ஓர் அணி எப்படி இயங்குகிறது என்ற அறிவும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. துணைப் பயிற்சியாளர் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அயர்லாந்தை மறந்துவிட்டோம்.

அதைவிட முக்கியமான ஒன்றை அண்ணன்தான் பின்னர் நினைவூட்டினார். டோக்கியோ அரையிறுதியில் நம்மை 5-2 என்று வீழ்த்திய பெல்ஜியத்தின் பக்கத்தில் ஃபுல்டன் இருந்தார். அந்த ஆட்டத்தின் முக்கால் பங்கு முடிந்தபோது 2-2 என்றுதான் இருந்தது. கடைசிக் கால் பகுதியில் நாம் நொறுங்கினோம். கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பான பெனால்டி கார்னர்களை அன்று பத்துக்கும் மேல் விட்டுக்கொடுத்தோம். அலெக்சாண்டர் ஹென்ட்ரிக்ஸ் மூன்று கோல்கள் அடித்தார். நம் பலவீனம் எது என்பதை எதிரணியின் பக்கத்திலிருந்து, நம்மைத் தோற்கடிக்கும் நோக்கத்தோடு அலசிப் பார்த்த ஒருவர், அந்த அறிவோடு நம்மிடமே வருகிறார் என்றால் அதை வரம் என்றல்லவா நினைத்திருக்க வேண்டும்?

தாக்குதல்தான் நம் ஆட்டம் என்ற என் நம்பிக்கையையும் நான் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. புல்தரையில், பந்தை மட்டையோடு ஒட்டவைத்து ஒருவர் பின் ஒருவராக ஏமாற்றிச் சென்ற காலத்தின் பெருமை அது. 1976 மாண்ட்ரியலில் செயற்கைத் தரை வந்தபோது நாம் ஏழாம் இடத்துக்குச் சரிந்தோம். 1980 மாஸ்கோவில் நம் பாஸ்கரனின் தலைமையில் வென்ற தங்கத்துக்குப் பிறகு தங்கமே இல்லை. ஆஃப்சைடு விதி நீங்கியது; ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றானது; பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வேகமாக வீசும் டிராக் ஃபிளிக் அடிப்பதற்கென்றே வீரர்கள் வளர்க்கப்பட்டார்கள். வட்டத்துக்குள் ஒரு காலில் பந்து பட்டால் போதும், ஒரு பெனால்டி கார்னர், ஒரு கோல், ஓர் ஆட்டம் போய்விடும். இத்தகைய ஹாக்கியில் எதிரணியை வட்டத்துக்குள் வரவிடாமல் தடுப்பது கோழைத்தனமாகாது. ஃபுல்டன் தன் முறைக்கு வைத்திருந்த பெயரே, வெல்வதற்காகத் தற்காப்பது என்பதுதான். பந்தை இழந்த கணத்தில் முன்கள வீரர்கள் உட்பட அனைவரும் தங்கள் இடத்துக்குத் திரும்ப வேண்டும்; நடுப்பகுதியை அடைத்து எதிரணியைப் பக்கவாட்டுக் கோட்டை நோக்கித் தள்ள வேண்டும்; பந்து கிடைத்ததும் அவர்கள் திரும்பி ஓடுவதற்குள் தாக்க வேண்டும். இதில் தாக்குதல் இல்லை என்று நான் சொன்னது, எதையும் பார்க்காமல் சொன்னது.

அந்த ஆகஸ்டில் சென்னை எழும்பூரின் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்ததால், அவருடைய அணியை முதன்முறையாக நேரில் பார்க்க வாய்த்தது. தொலைக்காட்சியில் பந்தைத்தான் பார்க்கிறோம். அரங்கில் உட்கார்ந்தால் பந்து இல்லாத இடத்தில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிகிறது. எதிரணியின் பின்கள வீரரிடம் பந்து இருக்கும்போது நம் முன்களத்தவர் இருவர் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள்போல நகர்ந்ததை அன்றுதான் கவனித்தேன். பாகிஸ்தானை 4-0 என்றும், அரையிறுதியில் ஜப்பானை 5-0 என்றும் வென்றோம். இரண்டிலும் கோல் விடவே இல்லை.

மலேசியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது 1-3 என்று பின்தங்கியிருந்தோம். என் வரிசையில் இருந்த ஒருவர் புவனேஸ்வர் என்று ஒரே சொல்லைச் சொன்னார். வேறு யாரும் எதுவும் பேசவில்லை. மூன்றாம் கால் பகுதி முடியும் தறுவாயில் ஹர்மன்பிரீத் சிங்கும் குர்ஜந்த் சிங்கும் அடுத்தடுத்து அடித்த கோல்களால் ஆட்டம் சமமானது. 56-ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் நான்காவது கோலை அடித்தார். எழும்பூர் மைதானம் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஜனவரியில் முன்னிலையைக் காக்கத் தெரியாமல் உடைந்த ஏறக்குறைய அதே அணி, ஆகஸ்டில் இரண்டு கோல் பின்னால் இருந்தும் உடையவில்லை. இடையில் மனப் பயிற்சியாளராகப் பேடி அப்டன் சேர்க்கப்பட்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் புகழையும் ஒருவருக்கே கொடுத்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டு ரசிகர்களான எங்களுக்கு இன்னோர் அளவுகோலும் உண்டு. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் அந்தச் சென்னைத் தொடரில் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் முதல் கோலை அடித்தபோது, ஃபுல்டன் எங்களுக்கு நல்லவராகிவிட்டார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் அணியில் கார்த்தி இடம்பெறாதபோது, அதே ஃபுல்டன் மீது எங்களுக்குக் கோபம் வந்தது. இந்தக் கோபத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். நம் மண்ணிலிருந்து ஒரு பையன் அங்கே போக வேண்டும் என்று விரும்புவதில் என்ன குற்றம்? ஆனால் ஒலிம்பிக்கில் பதினாறு பேருக்குத்தான் இடம். எந்தப் பதினாறு பேர் தன் முறைக்குப் பொருந்துவார்கள் என்பதற்கு அவர்தான் பொறுப்பேற்க வேண்டும், நான் அல்ல.

பாரிஸில் நடந்த பல ஆட்டங்களில், நான் அன்று சொன்ன சொற்களுக்குப் பதிலாக அமைந்தது ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டனுக்கு எதிரான காலிறுதி. 17-ஆம் நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. பெனால்டி கார்னரின்போது எதிரணியின் அடியை நோக்கி முதல் ஆளாகப் பாய்பவர், பின்களத்தின் தூண், வெளியே அனுப்பப்பட்டார். மீதியிருந்த நாற்பது நிமிடங்களுக்கும் மேலாகப் பத்துப் பேர் பதினொருவரை எதிர்த்து நின்றார்கள். ஹர்மன்பிரீத் ஒரு கோல் அடித்தார். பிரிட்டன் ஒரு கோலைத் திருப்பியது. அதற்குப் பிறகு அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருவர் விலகினால் இன்னொருவர் அந்த இடத்தை நிரப்புவதும், முன்களத்தவர் தம் வட்டத்தின் விளிம்புவரை ஓடி வந்து தடுப்பதும், பின்னால் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் சுவர்போல நிற்பதுமாக அந்த ஆட்டம் நகர்ந்தது. ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றோம். வெல்வதற்காகத் தற்காப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிய ஓராண்டுக்கும் மேலானது, புரிந்தது அன்றுதான். தடை காரணமாக ரோஹிதாஸ் இல்லாமல் ஆடிய அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்றோம். 1968, 1972-க்குப் பிறகு தொடர்ந்து இரண்டு ஒலிம்பிக்கில் பதக்கம்.

இந்திய ஹாக்கியில் ஒரு பயிற்சியாளர் இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதே அரிது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன் பயிற்சியாளரை மாற்றி, ஜெர்மனியிலிருந்து ஒருவரை அழைத்து வந்தோம். ஏழாம் இடம் கிடைத்தது. டெர்ரி வால்ஷ் 2014-இல் இன்ச்சியோனில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்று தந்த சில வாரங்களில் போய்விட்டார். அடுத்து வந்த பால் வான் ஆஸ் ஓராண்டுகூட இருக்கவில்லை. பிறகு ரோலண்ட் ஓல்ட்மன்ஸ், ஷோர்ட் மரைன், ஹரேந்திர சிங். 2017 செப்டம்பருக்கும் 2019 ஏப்ரலுக்கும் இடையில் மட்டும் ஓல்ட்மன்ஸ் போய், மரைன் வந்து போய், ஹரேந்திரா வந்து போய், ரீட் வந்தார். ஒவ்வொருவரும் புதிய முறையைத் தொடங்குவார். வீரர்கள் அதைக் கற்றுக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் வந்துவிடுவார். இதற்குக் கூட்டமைப்பின் நிர்வாகிகளை நாங்கள் பலமுறை குறை சொல்லியிருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் மறுநாள் ஆளை மாற்று என்று கத்தியவர்கள் யார்? நாங்கள்தானே. வெளிநாட்டவரா இந்தியரா என்ற எங்கள் பழைய வழக்கும் இதனால்தான் எனக்கு இப்போது பொருளற்றதாகத் தெரிகிறது. ஹரேந்திராவும் இந்தியர்தான், 2018 உலகக் கோப்பைக் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்ற சில வாரங்களில் அவரையும் அனுப்பிவிட்டோம்.

2025 ஜூனில் ஐரோப்பாவில் நடந்த, முன்னணி நாடுகள் மோதும் புரோ லீக் தொடரின் ஆட்டங்களில் தொடர்ந்து ஏழு தோல்விகள் வந்தபோது, எங்கள் குழுவில் பழைய குரல் மீண்டும் எழுந்தது. பாரிஸ் பதக்கத்துக்குப் பின் ஓராண்டுகூட ஆகவில்லை. ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றிருந்தார். அவர் இல்லாத பின்களத்தைப் பழக்க வேண்டியிருந்தது. ஃபுல்டனின் காலம் முடிந்தது, புதியவரைத் தேடலாம் என்று நண்பர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். நான் மறுத்துப் பேசினேன். நாங்கள் கடுமையாக வாதிட்டோம். ஒரு வாரம் பேசிக்கொள்ளவும் இல்லை. என்னை மாற்றியது வெற்றிகள்தானே, தோல்வி தொடர்ந்தால் நீயும் மாறுவாய் என்று அவர் கேட்டதற்கு அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்றும் முழுமையான பதில் இல்லை.

செப்டம்பர் 7 அன்று ராஜ்கிரில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். தென் கொரியாவை 4-1 என்று வென்று, உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதி பெற்றோம். சுக்ஜீத் சிங் முதல் நிமிடத்திலேயே ஒரு கோல் அடித்தார்; தில்பிரீத் சிங் இரண்டு. நான்காவது கோலை அடித்தவர், பாரிஸில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய அமித் ரோஹிதாஸ். அந்தக் காலிறுதிக்குப் பின்னும் அவரை அணியிலேயே வைத்திருந்தவர் ஃபுல்டன். ஆட்டம் முடிந்ததும் அந்த நண்பருக்கு நானே தொலைபேசியில் அழைத்தேன். இருவரும் பயிற்சியாளரைப் பற்றிப் பேசவில்லை. ரோஹிதாஸைப் பற்றித்தான் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.